இராயப்பேட்டைப் பண்டிதர்

பண்டித வகுப்பிலே யான் பயின்ற காலத்தில் அயோத்திதாசர் என்னும் பெயரை ஒருமுறையேனும் கேட்டதில்லை. எமக்குப் பாடஞ் சொன்ன ஆசிரியர்கள் கல்வியிற் குறைந்தவர்களல்லர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புலவர் வரிசையை ஆறுமுக நாவலர் தொடங்கிச் சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஈறாகப் பிறந்த ஊர், பதிப்பித்த நூல், தேகவியோகமான ஆண்டு என்பவற்றோடு ஒப்புவிக்க வல்லவர்கள். அவ்வரிசையில் இராயப்பேட்டை வைத்தியர் ஒருவருக்கு இடமிருக்கவில்லை. யானும் பின்னர் ஆசிரியனாகி அதே வரிசையைப் பல்லாண்டு ஒப்புவித்து வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மணிமேகலைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி எழுந்து, அறவண வடிகளிடம் மணிமேகலை அறங்கேட்ட பின்பு தமிழ்ப் பௌத்தர்கள் எங்கே போயினர் என்று வினவினாள். மயிலை சீனி. வேங்கடசாமி 1940ஆம் ஆண்டில் வெளியிட்ட பௌத்தமும் தமிழும் என்னும் நூலைத் துணைக்கொண்டு, நாகபட்டினத்து விகாரத்தையும் வீரசோழியம் செய்த புத்தமித்திரரையும் எடுத்துக் காட்டி, அதன்பின் அச்சமயம் தமிழரிடையே அருகி மறைந்தது என்று முடித்தேன். அவள் அமைந்ததாகத் தோன்றவில்லை. எமது நாட்டிலே பௌத்தம் என்றவுடன் பிறமொழியாளர் சமயம் என்று எண்ணிப் பழகிய பிள்ளைகள் அவர்கள். அவ்வெண்ணத்துக்குக் காரணங்கள் உள; ஈண்டு அவற்றை விரிப்பிற் பெருகும். அவளுக்கு நிறைவான விடை தேடப் புகுந்தபோதுதான், ஞான. அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த அயோத்திதாசர் சிந்தனைகள் என்னும் பெருந்தொகுதி என் கைக்கு எட்டிற்று. ஒரு விடுமுறைக்காலம் முழுவதும் அதனோடு கழிந்தது. அதிற் கண்டவற்றையும் பிற நூல்களால் அறிந்தவற்றையும் கொண்டு அவர் வரலாற்றை இங்கே சொல்லுகின்றேன்.

1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆந் திகதி, கந்தசாமி என்பவரின் மைந்தராய் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமிழ்நாட்டிலே தீண்டத்தகாதவரென்று ஒதுக்கிவைக்கப்பட்ட குலத்திற் பிறந்தவராயினும், அவர் குடும்பத்துக்குக் கல்வியும் வைத்தியமும் வழிவழிச் சொத்தாயிருந்தன. பாட்டனாராகிய கந்தப்பன், அரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பட்லராக ஊழியம் பார்த்தவர். அவர் தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியைத் தம் எசமானிடம் கொடுக்க, அது சென்னைக் கல்விச் சங்கத்தை நிறுவிய எல்லிஸ் துரையின் கையைச் சேர்ந்தது என்று பேரனார் எழுதிவைத்திருக்கின்றார். சமையற்கட்டிலே நின்ற ஒருவரின் வீட்டுப் பரணிற் குறள் இருந்தது என்பதைப் படித்தபோது, சுவடி தேடி அலைந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் சுவடி காத்தவர்களைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்ற எண்ணம் எழுந்தது.

காத்தவராயனுக்குத் தமிழும் சித்த வைத்தியமும் கற்பித்தவர் வீ. அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர் என்பவர். மாணாக்கர் தம் ஆசிரியர் பெயரையே தம் பெயராக்கிக்கொண்டார். குலம், ஊர், தெய்வம் என்பவற்றால் மனிதர் பெயர் பெற்ற காலத்திலே குருவின் பெயரைச் சூடிக்கொள்வதென்பது சிறிய செயலன்று. வடமொழி, பாளி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் அவர் பயிற்சி பெற்றார்.

இளமையில் அவர் பௌத்தரல்லர். நீலகிரியில் வாழ்ந்த நாளில், 1870களில், அத்வைதானந்த சபை என ஒன்றை அமைத்து வேதாந்த விசாரணை நடத்தினார். எல்லா உயிரிலும் உறைவது ஒன்றே என்னும் கொள்கை, பிறப்பினால் தாழ்த்தப்பட்ட ஒருவருக்கு எத்துணை இனிதாய் இருந்திருக்கும் என்பது ஊகிக்கத்தக்கது. அவர்தம் ஆண்மக்களுக்கு இட்ட பெயர்கள் பட்டாபிராமன், மாதவராம், ஜானகிராமன், இராசாராம் என்பன. இப்பெயர்களை வாசகர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பெண்மக்களின் பெயர்களைப் பின்னர்ச் சொல்வேன்.

1885இல் ஜான் இரத்தினம் என்னும் கிறித்தவப் போதகருடன் கூடித் திராவிட பாண்டியன் என்ற பத்திரிகையை நடத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையைத் தோற்றுவித்து அவ்வாண்டு டிசம்பரில் உதகமண்டலத்திலே மாநாடு கூட்டினார். மறு ஆண்டு, 1892இல், சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்கு நீலகிரிப் பிரதிநிதியாகச் சென்றார். அவர் வாழ்வின் திருப்பம் அங்கேதான் நிகழ்ந்தது என்பது என் துணிபு.

படித்தவர்களும் வழக்கறிஞர்களும் நிறைந்திருந்த அவையிலே அவர் எழுந்து, கடவுள் எல்லார்க்கும் பொதுவாயின் எம்மவரைச் சிவாலயத்துள்ளும் விஷ்ணு ஆலயத்துள்ளும் விடாதது எக்காரணம் பற்றி என்று கேட்டார். அவை கொதித்தது. தஞ்சாவூர்ப் பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் கூட்டத்தாருக்கு மதுரைவீரனும் காட்டேறியும் கருப்பண்ணனும் கொடுக்கப்பட்டிருக்க, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்குரியவரல்லர் என்ற கருத்திலே விடையிறுத்தார். அப்படியாயின் அத்தெய்வங்களும் எமக்கு வேண்டா என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு நாலாம் வகுப்பு வரையிலாவது இலவசக் கல்வியும், குடிகளுக்குத் தரிசு நிலமும் தரும்படி அவர் கேட்டார். இவ்விரண்டையும் அவை ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடமும் நிலமும் கொடுக்க இசைந்தவர்கள் கோயிற் கதவை மட்டும் திறக்க இசையவில்லை. அத்வைதம் பேசிய நாவுக்கு அன்று கிடைத்த விடை இதுவாயிற்று.

இதன்பின் அவர் செய்ததை ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் யான் வியக்கின்றேன். மதம் மாறுவோர் பலர் போதகரின் சொல்லைக் கேட்டு மாறுவர். சிலர் ஆதரவு நாடி மாறுவர். சிலர் கனவு கண்டு மாறுவர். இவரோ நிகண்டுகளையும் குறளையும் மணிமேகலையையும் சீவகசிந்தாமணியையும் விரித்துவைத்துக்கொண்டு, தாம் யார் என்று தேடினார். தேடிய இடத்திலே, தாழ்த்தப்பட்டவராகச் சொல்லப்படுவோர் ஒரு காலத்திற் பௌத்தராயிருந்தவரென்றும், அச்சமயம் வீழ்த்தப்பட்டபோது அதனைக் கைவிடாதவர்கள் ஊருக்குப் புறத்தே தள்ளப்பட்டனரென்றும் ஒரு முடிபுக்கு வந்தார். ஆகவே தாம் புதிதாக ஒரு மதத்திற் சேரவில்லை, பிரிந்த வீட்டுக்கே திரும்புகின்றோம் என்பது அவர் கொள்கை. வரலாற்றாசிரியர் இதனை முழுதும் ஒப்புவார் என்று யான் சொல்லேன். தாமே உரிமையாளன் என்று சொல்லிக்கொண்டு படலையைத் திறப்பவனுக்கும் பிச்சை கேட்டு வெளியில் நிற்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் சொல்லுவேன்.

அக்காலத்திலே அடையாற்றில் இருந்தவர் கேணல் ஒல்கொட். 1880இல் காலியிலே பஞ்சசீலம் ஏற்ற அமெரிக்கர். இலங்கையிற் பௌத்த பாடசாலைகள் பெருகக் காரணராயிருந்ததோடு, சென்னையிற் பஞ்சமர் என்று அழைக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளிகளைத் திறந்தவர். 1898ஆம் ஆண்டு அயோத்திதாசர் தம் கூட்டத்தார் சிலருடன் அவரைக் கண்டு, தம் முன்னோர் சமயத்துக்கு மீள வழி செய்யும்படி வேண்டினார். அவ்வாண்டே, பஞ்சமர் பள்ளி ஆசிரியராயிருந்த கிருஷ்ணசாமியார் என்பவருடன் ஒல்கொட் அவரைக் கொழும்புக்கு அழைத்து வந்தார்.

மருதானையை அடுத்த மாளிகாகந்தையில் வித்தியோதய பிரிவெனா இன்றும் இருக்கின்றது. 1873இல் அதனை நிறுவி நடத்திய ஹிக்கடுவே ஸ்ரீ சுமங்கல நாயக தேரரின் முன்னிலையில் அயோத்திதாசர் பஞ்சசீலம் பெற்றார். கொல்லாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, பொய் கூறாமை, கள்ளுண்ணாமை என்னும் ஐந்தும் குறள் கற்ற ஒருவருக்குப் புதியனவல்ல. புதியது யாதெனின், அந்த மண்டபத்துள் நுழைய அவரை எவரும் தடுக்காமையே. தம் ஊரில் ஆலயவாயிலில் நிறுத்தப்பட்ட தமிழ்ப் பண்டிதர் ஒருவர், கடல் கடந்து வந்து, சிங்களப் பெரும்புலவராகிய துறவி ஒருவர்முன் அமர்ந்து, பாளியிலே சரணங்களைச் சொன்னார். இலங்கைத் தமிழராகிய நாம் இந்நிகழ்ச்சியை அறியாமலே இவ்வளவு காலம் இருந்துவிட்டோம். மணிமேகலையைச் சாமிநாதையர் பதிப்பித்து வெளியிட்டதும் அதே 1898இல் என்பது தற்செயலாய் நேர்ந்த பொருத்தம்.

சென்னைக்கு மீண்டதும் இராயப்பேட்டையிலே சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஒருவர் பௌத்தராவது எளிது. வீட்டோடும் உறவோடும் பௌத்தராய் நாள் கழிப்பதே அரிது. துவராடை அணிந்த துறவியர் அந்நாளிற் சென்னையில் மிகச் சிலரே. விகாரமில்லை, பௌத்த உறவினரில்லை, தாய் சொல்லிக்கொடுத்த பௌத்த வழக்கமும் இல்லை. மணமகளுக்குத் தாலி கட்டும்போது எதைச் சொல்வது, பிணம் எடுக்கும்போது எவரை அழைப்பது, தீபாவளியன்று அயல்வீட்டிற் பலகாரம் சுடும்போது தம் பிள்ளைக்கு என்ன சொல்வது என்பன போன்ற வினாக்கள் சங்கத்தார்க்கு நாடோறும் எழுந்தன. அவற்றுக்கு விடை சொல்லும் பொறுப்பு இந்த வைத்தியரின் தலையில் வீழ்ந்தது.

அவர் பண்டிகைகளைத் தள்ளவில்லை. அவற்றின் காரணங்களை மாற்றினார். தீபாவளி என்பது பௌத்த முனிவர் எள்ளின் நெய்யைக் கண்டறிந்து அதன் குணத்தை உலகுக்கு உரைக்க, மக்கள் அதனைத் தேய்த்துத் தீபவதி என்னும் ஆற்றிலே முழுகிய நாளின் நினைவு என்றார். கார்த்திகை விளக்கீடு ஆமணக்கு நெய்யை மலைமேல் எரித்துச் சோதித்த நாள் என்றார். சங்கராந்தி புத்தரின் அந்திய காலத்தை நினைக்கும் நாள் என்றார். ஔவையாரைப் பௌத்த பிக்குணியாகக் கண்டார். ஊர்தோறும் இருக்கும் அம்மனும் அவளே என்றார். திருக்குறளைத் திரிகுறள் என்று வாசித்துத் திரிபிடகத்தின் வழிநூலாக்கினார்.

இவற்றுள் எதையும் என் வகுப்பிலே யான் கற்பிக்க மாட்டேன். சொற்பிறப்பு முறைக்கும் ஏட்டுச் சான்றுக்கும் இவை நிற்கமாட்டா. முதலிற் படித்தபோது பல இடங்களிலே சிவப்பு மையாற் கோடிட்டு வினாக்குறி இட்டேன், பழக்கம் அப்படிப்பட்டது. பின்னர் ஓரிரவு மீளப் படித்தபோது, அவ்வுரைகள் எவருக்காக எழுதப்பட்டன என்பது விளங்கிற்று. சமையலறையில் நிற்கும் பெண் பழையபடியே எண்ணெய் காய்ச்சலாம். பிள்ளைகள் பழையபடியே முழுகலாம். அசுரனைக் கொன்ற கதையை மட்டும் விட்டுவிடலாம். கொலையைக் கொண்டாடாத பண்டிகை, கைத்தொழிலும் மருந்தும் அறிந்த முன்னோரின் நினைவாக மாறுகின்றது. தீபாவளிக்கு நல்லெண்ணெயைக் காரணமாக்கியவர் வைத்தியர் என்பதையும் மறக்கலாகாது. கோடுகளை யான் அழிக்கவில்லை. ஆயின் வினாக்குறிகள் சிலவற்றை அழித்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளிலே சங்கத்தார் கூடிப் பஞ்சசீலம் சொல்லி, நூல் வாசித்து, விரிவுரை கேட்டனர். மைசூர் நாட்டிலே கோலார்த் தங்கவயலில் நிலத்தின்கீழ் நெடுந்தூரம் இறங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர் மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் அமைத்தனர். திருப்பத்தூரிலும் பெங்களூரிலும், கடல் கடந்து இரங்கூனிலும் தென்னாபிரிக்காவின் டர்பனிலும் சங்கங்கள் தோன்றின. அவருக்குப் பிறந்த பெண்மக்களின் பெயர்களை இப்போது சொல்லலாம்: அம்பிகாதேவி, மாயாதேவி. மாயாதேவி புத்தரைப் பெற்ற தாயின் பெயர். ஒரே வீட்டில் இராமன் பெயரால் நால்வரும் பௌத்தப் பெயரால் இருவரும் வளர்ந்தனர். மூத்தவர்களின் பெயர்களை மாற்ற அவர் முயன்றதாகத் தெரியவில்லை.

எதிர்ப்பு அயலாரிடமிருந்து மட்டும் வந்ததன்று. அவருடைய மனைவி தனலட்சுமியின் உடன்பிறந்தாராகிய இரட்டைமலை சீனிவாசன், பறையன் என்னும் பெயரையே பத்திரிகைக்குச் சூட்டி, இகழ்ச்சிச் சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்ல வேண்டுமென்றவர்; மத மாற்றத்தை அவர் ஏற்கவில்லை. அயோத்திதாசரோ அச்சொல்லையே வெறுத்தவர். பூர்வ பௌத்தர், ஆதித்தமிழர் என்றே எழுதினார். மைத்துனர் இருவரும் ஒரே நோய்க்கு இருவேறு மருந்து சொன்னவர்கள். எவர் மருந்து பலித்தது என்று முடிவு கூற எனக்குத் தகுதியில்லை.

பெரிய எதிர்ப்பு எம்மூரவரிடமிருந்தே வந்தது என்பதை ஒளிக்காமற் சொல்லல் வேண்டும். மேலைப்புலோலி நா. கதிரைவேற்பிள்ளையின் அகராதியைக் கைக்கொள்ளாத தமிழாசிரியர் அந்நாளில் இல்லை. யானும் அதனைப் பயன்படுத்தியே வளர்ந்தேன். அவர் இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். பக்கத்திலே பௌத்த சங்கம் வளர்வதைக் கண்டு புத்தமத கண்டனம் எழுதினார். அவருடைய மாணாக்கர் பௌத்தர் கூட்டங்களுக்குச் சென்று மறுப்புரைத்துக் கலகம் விளைத்தனர். அம்மாணாக்கருள் ஒருவர் பிற்காலத்திலே திரு. வி. க. என உலகம் போற்றிய கலியாணசுந்தரனார்.

கலியாணசுந்தரனார் பள்ளிச் சிறுவனாயிருந்த காலத்திற் கைகால் முடங்கிக் கிடந்தவர். அவரை எழுந்து நடக்கச் செய்த வைத்தியர் அயோத்திதாச பண்டிதர். இதனைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளிலே திரு. வி. க. மறையாது எழுதியிருக்கின்றார். பண்டிதர் மருந்தால் நடக்கப் பெற்ற கால்களே பௌத்தர் கூட்டத்தைக் கலைக்கவும் நடந்தன. பின்னாளிற் பேராசிரியர் இலட்சுமி நரசு முதலியோரின் விரிவுரைகளாற் பௌத்தத்தின்மேல் அவருக்கு மதிப்பு உண்டாயிற்று.

இவ்விடத்தைப் படித்தபோது நூலை மூடிவைத்துவிட்டுச் சற்றுநேரம் இருந்தேன். எனக்கு ஒன்பது வயதிருக்கும்; மாமரத்தினின்று விழுந்து இடக்கை முறிந்தது. அடுத்த குறிச்சியிலிருந்து முறிவு வைத்தியர் ஒருவரை அப்பா அழைப்பித்தார். அந்தப் பரியாரியார் முற்றத்திலேயே நின்றார். என்னைத் திண்ணையிலிருந்து இறக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். அவர் கையை நீவி, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டினார். ஆறு வாரத்தில் எலும்பு பொருந்திற்று. தண்ணீர் கேட்டபோது அவருக்குச் சிரட்டையிலே வார்த்தது என் கண்ணில் இன்றும் நிற்கின்றது. கட்டவிழ்க்க ஒருமுறை அவர் வீட்டுக்குச் சென்றபோது, சுவாமிப் படம் இருக்க வேண்டிய இடத்திலே புத்தர் படமொன்றும், அதன்முன் நந்தியாவட்டைப் பூவும் கண்டேன். யாழ்ப்பாணத்திலே ஆலயப் பிரவேசப் போராட்டங்கள் மிக்கிருந்த 1960களை ஒட்டி ஒடுக்கப்பட்ட தமிழர் சிலர் பௌத்தத்தைத் தழுவினர் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அன்று வீட்டுக்கு வந்து படத்தைப் பற்றிச் சொன்னபோது பெரியவர்கள் சிரித்தார்கள். யானும் சிரித்தேன். அவர் காலமானபோது பண்டிதப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டும் இழவுக்குப் போகவில்லை.

பண்டிதரின் இறுதி ஏழாண்டுகள் பத்திரிகையோடு கழிந்தன. 1907ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி, புதன்கிழமை, ஒரு பைசாத் தமிழன் வெளிவந்தது. நான்கு பக்கம், பெயரே விலையைச் சொன்னது. மறு ஆண்டிலே வாசகர் வேண்டுகோட்படி தமிழன் என்று சுருங்கிற்று. அரசியல், வைத்தியம், இலக்கணம், விவசாயம், வாசகர் ஐயங்களுக்கு விடை என அதில் வாராத பொருளில்லை. 1911 குடிமதிப்பு நெருங்கியபோது, கணக்கெடுப்போரிடம் சாதிப்பெயரைச் சொல்லாது பௌத்தரென்று பதியுமாறு வற்புறுத்தினார். புத்தரின் வரலாற்றையும் அறத்தையும் தமிழ் நூல்களையும் செவிவழிச் செய்திகளையும் ஆதாரமாக்கி அதிலே தொடராக எழுதினார். அது புத்தரது ஆதிவேதம் என நூலாயிற்று. அதன் பகுதிகளுக்குக் காதை என்று பெயரிட்டமை, மணிமேகலையை அவர் எத்துணை நெருங்கிப் பயின்றார் என்பதைக் காட்டும். நடை கரடுமுரடானது, ஓரிடத்திற் சொன்னதையே மூன்றிடத்திற் சொல்வார், எதிரியைச் சாடுமிடத்தில் நாவடக்கம் குறைவு. வேகம் மட்டும் குறையாது.

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆந் திகதி அவர் காலமானார். மைந்தர் பட்டாபிராமன் சிறிது காலம் தமிழனை நடத்தினார். அது நின்றபின், 1926இல் கோலார்த் தங்கவயலில் ஜி. அப்பாத்துரையார் ஆசிரியராயிருக்க மீண்டும் வெளிவந்தது. அங்குள்ள சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைச் சிறு சிறு பிரசுரங்களாக அச்சிட்டு வந்தது. இலக்கிய வரலாறு எழுதியோர் கண்ணில் அவை படவில்லை. சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலே அவை பேணப்பட்டிருந்தன. பாட்டன் வீட்டுக் குறட்சுவடி போலவே பேரன் எழுத்தும் புலவரல்லாதார் வீட்டிலே பிழைத்திருந்தது.

அந்த மாணவி இப்போது வேறோர் ஊரில் ஆசிரியை. அவள் கேட்ட வினாவுக்கு விடையாக இவ்வளவையும் கடிதத்தில் எழுத இயலாமையால், தொகுதியையே பொதிசெய்து சென்ற மாதம் தபாலில் அனுப்பினேன். சிவப்புக் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாமென்று முதற்பக்கத்திலே ஒரு வரி எழுதியிருக்கின்றேன்.